பாட்டிலில் சான்டா க்ரூஸ் மலை, தோட்டம் குப்பர்ட்டினோவில்: இது ஏமாற்று இல்லையா?

2024 ஆகஸ்ட் 17: வாசகர் கேட்டது

போன வாரம் கலிஃபோர்னியாவில் குப்பர்ட்டினோவுக்கு மேலே மலையில் இருக்கும் ஒரு ஒயினரிக்கு, அதாவது ஒயின் தயாரிக்கும் இடத்துக்கு, போயிருந்தோம். பாட்டிலில் பெரிய எழுத்தில் 'சான்டா க்ரூஸ் மவுண்டன்ஸ்'. கீழே முகவரி குப்பர்ட்டினோ. குப்பர்ட்டினோ இருப்பது சான்டா க்ளாரா கவுண்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி). சான்டா க்ரூஸ் ஊர் மலைக்கு அந்தப் பக்கம், கடலோரம். எந்த ஊரிலோ கிண்டிய அல்வாவுக்குத் திருநெல்வேலி அல்வா என்று போர்டு மாட்டுகிற கதைதானே இது? யாரும் கேட்க மாட்டார்களா?

2024 ஆகஸ்ட் 17, இரவு

கேட்பார்கள். கேட்டுத்தான் கோடு போட்டிருக்கிறார்கள். ஊர் பெயர் வேறு, கவுண்டி பெயர் வேறு, மலைத்தொடரின் பெயர் வேறு. சான்டா க்ரூஸ் மலைத்தொடர் பெரும்பாலும் மூன்று கவுண்டிகளில் கிடக்கிறது: சான் மட்டேயோ, சான்டா க்ளாரா, சான்டா க்ரூஸ். பாட்டிலில் இருப்பது கவுண்டி இல்லை, ஏவிஏ (அமெரிக்கன் விட்டிகல்ச்சரல் ஏரியா). அமெரிக்க அரசு 'இந்த எல்லைக்குள் விளைந்த திராட்சை' என்று அங்கீகரிக்கும் பகுதிப் பெயர் அது. இந்த மலைக்கு அது 1982இல் கிடைத்தது. எல்லையை உயரத்தை வைத்துப் போட்டார்கள் என்பதுதான் விசேஷம். கடல் பக்கம் 400 அடிக்கு மேல், நம் பக்கம், அதாவது சிலிக்கான் பள்ளத்தாக்குப் பக்கம், 800 அடிக்கு மேல். அதற்குக் கீழே விளைந்தால் அந்தப் பெயர் கிடையாது. திராட்சை முழுக்க அந்தக் கோட்டுக்குள் விளைந்திருக்க வேண்டும். ஆக உங்கள் பாட்டில் சுத்தம்.

2024 ஆகஸ்ட் 18

மேலே ஒரு தப்பு. 'முழுக்க' என்று எழுதிவிட்டேன். முழுக்க இல்லை, 85 சதவீதம். மீதி 15 எங்கிருந்து வந்தாலும் லேபிளில் மலைப் பெயர் போடலாம். பத்து வருஷமாக இந்த மலைக்குப் போய்வருகிறேன், இதுகூடத் தெரியாமல் நாலு பேருக்கு விளக்கம் வேறு சொல்லியிருக்கிறேன்.

அந்த ஒரு எண்ணைத் தேடப் போய் மற்றவையும் கிடைத்தன. ஏவிஏ பெயர் போட 85. கவுண்டி பெயர் மட்டும் போட 75 போதும். கேபர்னே, பினோ நுவார் என்று திராட்சை ரகத்தின் பெயர் போட 75. ஒரே தோட்டத்தின் பெயரைப் போட 95. ஏவிஏ பெயருடன் வருஷமும் போட்டால், அந்த வருஷத்துத் திராட்சை 95. 'எஸ்டேட் பாட்டில்ட்' என்று இருந்தால்தான் நூற்றுக்கு நூறு. அதற்குத் தோட்டமும் ஒயினரியும் ஒரே ஏவிஏவுக்குள் இருக்க வேண்டும், தோட்டம் அவர்கள் கையில் இருக்க வேண்டும். உங்கள் பாட்டிலில் 'எஸ்டேட்' இருக்கிறதா பாருங்கள்.

2024 ஆகஸ்ட் 18, கொஞ்ச நேரம் கழித்து

வருஷத்திலும் குழப்பம். சில இடத்தில் 1981, சில இடத்தில் 1982 என்று இருக்கும். இரண்டுமே சரி. அரசிதழில் வந்தது 1981 டிசம்பரில், அமலுக்கு வந்தது 1982 ஜனவரியில். உயரத்தை அடிப்படையாக வைத்து எல்லை போட்ட முதல் ஏவிஏக்களில் இது ஒன்று என்பதில் இந்த மலைக்காரர்களுக்குப் பெருமை அதிகம். டேஸ்டிங் ரூமில் ஊற்றித் தருகிறவர் மூன்றாவது வாக்கியத்துக்குள் அதைச் சொல்லிவிடுவார்.

நாட்டிலேயே முதல் ஏவிஏ எது என்று கேட்டால், கலிஃபோர்னியாவின் பேர்போன ஒயின் பகுதியான நாப்பா என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இல்லை, மிசௌரி மாநிலத்தில் இருக்கும் அகஸ்டா, 1980 ஜூன். நாப்பாவுக்கு அடுத்த வருஷம்தான் கிடைத்தது.

2024 ஆகஸ்ட் 24

அந்த 800 அடி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க ஆசை. ஸ்டீவன்ஸ் கேன்யன் சாலையில் போய், அணை தாண்டி மான்டபெல்லோ சாலையில் ஏறினோம். நான் வண்டி ஓட்ட, மனைவி ஃபோனில் உயரம் காட்டும் செயலியைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வளைவில் "எண்ணூறு!" என்றாள். ஓரமாக நிறுத்தி இறங்கினேன். என் ஃபோனைப் பார்த்தால் 746. இரண்டையும் காரின் பானெட்டில் பக்கத்துப் பக்கத்தில் வைத்தோம். அப்போதும் ஐம்பது அடிக்கு மேல் வித்தியாசம். "என் ஃபோன் ஏவிஏக்குள்ள இருக்கு, உன் ஃபோன் வெளிய இருக்கு" என்றாள். பின்னால் வந்த சைக்கிள்காரர் நாங்கள் பஞ்சரில் நிற்கிறோம் என்று நினைத்து நின்று விசாரித்துவிட்டுப் போனார்.

தரையில் ஒன்றும் இல்லை. கல் இல்லை, பலகை இல்லை. ஓக் மரம், காய்ந்த புல், விஷ ஓக் செடி. கோட்டுக்கு இந்தப் பக்கப் புல்லும் அந்தப் பக்கப் புல்லும் ஒரே மஞ்சள்.

2024 ஆகஸ்ட் 25

நேற்றைய சோதனையே வீண். சட்ட விதியில் எல்லை எப்படி எழுதியிருக்கிறது என்று வாசித்தேன். அரசு நில அளவை வரைபடங்களை வரிசையாக அடுக்கி, 'இந்தச் சாலையும் அந்தச் சமவுயரக் கோடும் சந்திக்கும் இடம்வரை போய், அங்கிருந்து' என்று பத்திரப் பதிவு மாதிரி போகிறது. கிழக்கே வேலாயுதம் பிள்ளை மனை, மேற்கே வண்டிப்பாதை என்று நம் ஊர் கிரயப் பத்திரத்தில் நான்கெல்லை சொல்வார்களே, அதே நடை. கோடு எல்லா இடத்திலும் ஒரே உயரத்தில் ஓடவும் இல்லை, சில இடத்தில் சாலையைப் பிடித்துக்கொள்கிறது. 400, 800 என்பது வாயால் சொல்வதற்கான சுருக்கம். ஆக நான் நின்ற வளைவு உள்ளேயா வெளியேயா என்று தெரிய அந்தப் பழைய வரைபடம் வேண்டும், ஃபோன் போதாது.

இன்னொன்றும் கவனித்தேன். மலைத்தொடர் வடக்கே சான் ஃபிரான்சிஸ்கோவரை போகிறது. ஏவிஏ போகவில்லை. வடக்கே ஹாஃப் மூன் பே போகும் 92ஆம் நெடுஞ்சாலைப் பக்கம் தொடங்கி, தெற்கே மவுண்ட் மடோனா பக்கம் முடிந்துவிடுகிறது. மலை எல்லாம் ஏவிஏ இல்லை.

2024 ஆகஸ்ட் 29

ஏன் உயரம்? ஏன் கவுண்டி எல்லையை வைக்கவில்லை? இதற்கு விதியை வாசிக்க வேண்டாம், விடியற்காலையில் ஸ்கைலைன் சாலையில் போய் நின்றால் போதும். கீழே மேகம் பாலாடை மாதிரி படிந்திருக்கும். மலை முகடுகள் மட்டும் தீவு தீவாக மேலே நிற்கும். கடலிலிருந்து வரும் மூடுபனி ஓர் உயரத்துக்கு மேல் ஏறாது. அதற்குக் கீழே இருப்பவனுக்கு ஒரு தட்பவெப்பம், மேலே இருப்பவனுக்கு வேறு.

மலைக்குப் போனால் குளிரும் என்பது கொடைக்கானல் கணக்கு. இங்கே கோடை ராத்திரியில் அது தலைகீழ். குளிர்ந்த காற்று கனமாகி இறங்கிப் பள்ளத்தாக்கில் தங்கிவிடும், மேலே கதகதப்பாக இருக்கும். பகலில் முகடு பள்ளத்தாக்கைவிடக் குளிர்ச்சி, ராத்திரியில் வெதுவெதுப்பு. பகலுக்கும் ராத்திரிக்கும் பெரிய ஏற்ற இறக்கம் இல்லாமல் காய் மெதுவாகப் பழுக்கும். கடல் பார்த்த சரிவில் பினோ நுவாரும் ஷார்டனேயும், வளைகுடா பார்த்த சரிவில் கேபர்னேயும் அதிகம் இருப்பதற்கும் இதுதான் காரணம். பிரான்சில் தனித்தனி ஒயின் பகுதிகளான பர்கண்டியும் போர்டோவும் ஒரே பெயருக்குள் குடியிருப்பது மாதிரி. அதனால்தான் 'சான்டா க்ரூஸ் மவுண்டன்ஸ் ஒயின் எப்படி இருக்கும்?' என்று கேட்டால் யாராலும் ஒரே பதில் சொல்ல முடியாது. பெயர் இடத்தைச் சொல்கிறது, ருசியைச் சொல்லவில்லை.

பிரான்சில் இப்படி இல்லை. அங்கே இடப்பெயர் வேண்டுமென்றால் எந்த ரகம் நடலாம், ஏக்கருக்கு எவ்வளவு எடுக்கலாம் என்றுகூட சட்டம் சொல்லும். இங்கே அரசு கோடு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். கோட்டுக்குள் நீ எதை நட்டாலும் சரி, எப்படிக் காய்ச்சினாலும் சரி. (காய்ச்சுவது என்றதும் என் மாமா சிரிப்பார். ஒயினைக் காய்ச்ச மாட்டார்கள், புளிக்க வைப்பார்கள். கை பழக்கத்தில் வந்துவிட்டது, இருக்கட்டும்.)

2024 செப்டம்பர் 3

1976 பாரிஸ் போட்டியைப் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். கலிஃபோர்னியா ஒயின்களையும் பிரெஞ்சு ஒயின்களையும் பெயரை மறைத்து வைத்து பிரெஞ்சு நடுவர்களிடம் ருசி பார்க்கக் கொடுத்த கதை. வெள்ளையிலும் சிவப்பிலும் முதலிடம் நாப்பாவுக்கு. நாப்பா அன்று ஏறிய விலை இன்றுவரை இறங்கவில்லை. நம் மலையும் அந்த மேஜையில் இருந்தது என்பது பலருக்குத் தெரியாது. ரிட்ஜ் ஒயினரியின் 1971 மான்டபெல்லோ சிவப்பில் ஐந்தாவது. டேவிட் புரூஸின் 1973 ஷார்டனே வெள்ளையில் பத்தாவது, அதாவது கடைசி.

ஆனால் கேளுங்கள். முப்பது வருஷம் கழித்து, 2006இல், அதே சிவப்பு ஒயின்களை லண்டனிலும் நாப்பாவிலும் ஒரே நாளில் மறுபடி ருசி பார்த்தார்கள். அதே 1971 மான்டபெல்லோ முதலிடம். இரண்டு ஊரிலும். ஐந்தாவது வந்த பிள்ளை முப்பது வருஷம் கழித்து வகுப்புச் சந்திப்புக்கு வந்த கதை.

அந்த ரிட்ஜ் தோட்டம்தான் நாங்கள் ஃபோனை வைத்துக்கொண்டு நின்ற சாலையின் மேல்முனையில். 1,300 அடியிலிருந்து 2,700 அடி வரை ஏறுகிறது. முதலில் ஓசியா பெரோனே என்ற இத்தாலிய டாக்டர் நிலம் வாங்கி, மலையைக் குடைந்து ஒயினரி கட்டினார், 1892இல் முதல் ஒயின். பிறகு மதுவிலக்கு, 1920இலிருந்து 1933வரை. தோட்டம் கைவிடப்பட்டது. 1959இல் ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிலையத்து விஞ்ஞானிகள் சிலர் சேர்ந்து வாங்கினார்கள், வார இறுதியில் வந்து பொழுதுபோக்காகச் செய்தார்கள். 1969இல் சேர்ந்த பால் டிரேப்பர் படித்தது தத்துவம். வார நாளில் கம்ப்யூட்டர், வார இறுதியில் தோட்டம் என்ற நோய் இந்தப் பள்ளத்தாக்கில் நமக்கு முன்பே இருந்திருக்கிறது.

2024 செப்டம்பர் 7

நீங்கள் லேபிளில் ஏமாந்ததுண்டா என்ற கேள்விக்கு நேரான பதில்: ஆமாம், நானும் ஏமாந்திருக்கிறேன். பெயர் சொல்ல மாட்டேன். மலை மேலே ரெட்வுட் மரங்களுக்கு நடுவில் ஒரு டேஸ்டிங் ரூம். ஜன்னல் வழியாகக் கொடி வரிசை தெரிகிறது. மூன்று பாட்டில் வாங்கி வந்து நண்பர் வீட்டு விருந்தில் "எங்க மலை ஒயின்" என்று பீற்றிக்கொண்டேன். நண்பர் லேபிளைத் திருப்பிப் பார்த்து, "இதுல சென்ட்ரல் கோஸ்ட்னு போட்டிருக்கே" என்றார்.

சென்ட்ரல் கோஸ்ட் என்பது சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவிலிருந்து சான்டா பார்பரா வரை நீண்டு கிடக்கும் பிரம்மாண்டமான ஏவிஏ. சரி, அதில் நம் மலையும் அடக்கம்தானே என்று சமாளித்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், அடக்கம் இல்லை! சான்டா க்ரூஸ் மலை அந்த ஏவிஏவிலிருந்து பெயர் சொல்லி விலக்கப்பட்டிருக்கிறது. 1999இல் வந்த சான் ஃபிரான்சிஸ்கோ பே ஏவிஏவிலும் இதே கதை, சுற்றிலும் சேர்த்துக்கொண்டு மலையை மட்டும் வெட்டிவிட்டார்கள். வடை நடுவில் ஓட்டை மாதிரி. ஆக 'சென்ட்ரல் கோஸ்ட்' என்று போட்ட பாட்டிலில் குறைந்தது 85 சதவீதம் நிச்சயமாக இந்த மலை இல்லை. நான் மலை உச்சியில் நின்று, மலையைப் பார்த்துக்கொண்டே, சமவெளித் திராட்சையை வாங்கி வந்திருக்கிறேன்.

சட்டப்படி அவர்கள் மேல் ஒரு தப்பும் இல்லை. லேபிள் உண்மையைத்தான் சொன்னது. நான்தான் ஜன்னலைப் படித்தேன், லேபிளைப் படிக்கவில்லை. ரிட்ஜ் ஒயினரியிலும் மான்டபெல்லோவோடு கெய்சர்வில் என்று ஒன்று விற்பார்கள். அது சோனோமா கவுண்டித் திராட்சை. அவர்கள் முன்பக்கத்திலேயே பட்டவர்த்தனமாக எழுதிவிடுகிறார்கள்.

2024 செப்டம்பர் 8

மலைத் திராட்சையை வைத்துக்கொண்டு ஏன் சமவெளியிலிருந்து வாங்குகிறார்கள் என்றால், மலையில் கிடைப்பதே கொஞ்சம். இத்தனை பெரிய ஏவிஏவில் கொடி இருப்பது சுமார் 1,500 ஏக்கரில்தான். நாப்பாவில் 45,000. இங்கே சரிவு, காடு, தண்ணீர்ப் பஞ்சம். போதாததற்கு நிலத்தின் விலை, அதை சிலிக்கான் பள்ளத்தாக்கில் வீடு தேடியவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

2024 செப்டம்பர் 15

அப்பா வந்திருக்கிறார். ஆறு மாத விசா. சுருளிப்பட்டிப் பக்கம் பன்னீர்த் திராட்சை போட்டவர். வாழ்நாளில் ஒரு சொட்டு குடித்ததில்லை, குடிப்பவர்களைப் பற்றி நல்ல வார்த்தை சொன்னதும் இல்லை. 'திராட்சைத் தோட்டம் பார்க்கலாம்' என்று மட்டும் சொல்லி மலைக்குக் கூட்டிப்போனேன்.

பிக்கெட்டி தோட்டத்தில் இறங்கியதும் முதலில் மயில். அங்கே மயில்கள் சும்மா வாசலில் உலாத்தும். "இதுக்கா இம்புட்டு தூரம் வந்தோம், நம்ம சுருளியில இல்லாத மயிலா" என்றார். பிறகு கொடியைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"பந்தல் எங்கடா?"

இங்கே பந்தல் கிடையாது, கம்பியில் வேலி மாதிரி ஏற்றிவிடுவார்கள் என்றேன். குனிந்து தண்டைத் தொட்டார், பட்டையை நகத்தால் கொஞ்சம் உரித்தார், மண்ணை எடுத்து விரலில் தேய்த்தார். இலையைத் திருப்பி அடிப்பக்கம் பார்த்தார். சாம்பல் நோய் பார்க்கிற கை அது, எண்பது வயதிலும் தானாகப் போகிறது. ஒரு குலையைக் கையில் ஏந்தி எடை பார்த்துவிட்டு, "நம்ம குலையில கால்வாசி கூட இல்ல. காய் மிளகு மாதிரி இருக்கு. ஏக்கருக்கு எம்புட்டு எடுப்பாங்க?"

மலைமேல் பல தோட்டங்களில் இரண்டு டன் வந்தாலே நல்ல விளைச்சல் என்றேன்.

"ஒரு காப்புக்கா?"

வருஷத்துக்கு. இங்கே ஒரே காப்புதான்.

அப்பா அதற்கு ஒன்றும் சொல்லவில்லை. காருக்கு வந்து பெல்ட்டைப் போட்டுக்கொண்ட பிறகு, "நாங்க ஒரு காப்புக்கே அஞ்சாறு டன் எடுப்போம்" என்றார். அப்புறம் ஸ்டீவன்ஸ் அணை வரை பேச்சே இல்லை.

2024 செப்டம்பர் 16

கம்பம் பன்னீர்த் திராட்சைக்கும் 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததே, இதுவும் அதுவும் ஒன்றா என்று கேட்டார்கள். உறவுக்காரர்கள், ஆனால் ஒன்றில்லை. புவிசார் குறியீடு ஒரு பொருளுக்கு: அந்தத் திராட்சை, அந்த மல்லி, அந்தப் பஞ்சாமிர்தம். பொருளுக்கு ஒரு குணம் இருக்கிறது, அது அந்த மண்ணால் வந்தது என்று காட்ட வேண்டும். ஏவிஏ ஒரு நிலத்துக்கு: அங்கே என்ன விளைந்தாலும் பெயர் ஒன்றுதான். பன்னீர்த் திராட்சை என்றால் மஸ்கட் ஹாம்பர்க் என்று எனக்குத் தெரியும், வாயில் போட்டாலே தெரியும். சான்டா க்ரூஸ் மவுண்டன்ஸ் என்றால் என்ன ரகம் என்று பாட்டிலைத் திறக்கும்வரை தெரியாது.

அப்பாவிடம் குறியீட்டைப் பற்றிக் கேட்டேன். "குறியீடு வந்துச்சுன்னு பேப்பர்ல போட்டான். மறுநாள் வியாபாரி வந்து முந்தாநாள் வெலையவே சொன்னான்."

2024 செப்டம்பர் 28

அறுவடைக்குப் போய் வந்தேன். ஒரு சின்னத் தோட்டம், தெரிந்தவர் மூலமாக, சம்பளம் கிடையாது, மதியச் சாப்பாடு உண்டு. விடியற்காலை ஐந்தரைக்கு மேலே இருக்க வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போது கார் 54 டிகிரி ஃபாரன்ஹீட் காட்டியது. மூடுபனிக்குள் ஏறினேன், வைப்பர் போட வேண்டியிருந்தது. ஒரு திருப்பத்தில் சட்டென்று நட்சத்திரம். காரில் 61. ஆகஸ்ட் 29இல் நான் படித்ததை வைத்து எழுதியது, இப்போது காரே சொன்னது.

தலையில் விளக்கு, கையில் வளைந்த சின்னக் கத்தரி. பறவைக்குப் போட்ட வலையை முதலில் சுருட்டி மேலே ஏற்ற வேண்டும். குலையை ஏந்திக் காம்பை வெட்டித் தொட்டியில் போட வேண்டும். சொல்வதற்கு அவ்வளவுதான். சரிவில் ஒரு கால் மேலே, ஒரு கால் கீழே. கொடியைப் பிடித்து நின்றால் திட்டு விழும். முதல் மணி நேரத்தில் இரண்டு தரம் என் விரலையே வெட்டிக்கொண்டேன். வெயில் ஏறியதும் குளவி வந்தது. சாறு பட்ட கை காய்ந்து விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. பக்கத்து வரிசையில் வேலை பார்த்த மெக்சிகோக்காரர்கள் நான் ஒரு தொட்டி நிரப்புவதற்குள் நாலு நிரப்பினார்கள். அதில் ஒருவர் என் கத்தரியை வாங்கி, வெட்டுவதற்கு முன் இடது கை விரல்களை எங்கே வைக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார்.

தோட்டக்காரர் ஒரு பழத்தை நசுக்கிக் கருவியில் வைத்துச் சர்க்கரை அளவு பார்த்தார். 24 டிகிரி, அதாவது சாற்றில் நூற்றுக்கு சுமார் 24 பங்கு சர்க்கரை. திருப்தி. எனக்கும் ஒரு பழம் கொடுத்தார். தித்திப்பு, தோல் மட்டும் தடிப்பு, கொட்டை கசப்பு. பன்னீர் மாதிரி வாசனை இல்லை. அப்பாவுக்கு ஒரு குலை கொண்டுவந்தேன். ஒன்றை வாயில் போட்டு, கொட்டையைத் துப்பிவிட்டு, "சாப்புடுற பழம் இல்ல இது" என்றார். சரியாகத்தான் சொன்னார், இது சாப்பிடுகிற பழம் இல்லை.

2024 அக்டோபர் 6

கொஞ்சம் திசை மாறுகிறேன். ரிட்ஜ் தோட்டத்தில் சுண்ணாம்புக்கல் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்வார்கள், கலிஃபோர்னியாவில் அது அபூர்வம். குப்பர்ட்டினோக்காரர்களுக்கு அது நன்றாகத் தெரியும், வேறு வடிவத்தில்: பர்மனன்டே ஓடைப் பக்கம் இருக்கும் சிமெண்ட் குவாரி. ஹென்றி கைசர் 1939இல் அங்கே ஆலை வைத்து ஷாஸ்டா அணைக்கு சிமெண்ட் அனுப்பினார். கைசர் பர்மனன்டே என்ற மருத்துவமனைப் பெயரில் இருக்கும் பர்மனன்டே அந்த ஓடைதான். நம்மில் பாதிப் பேர் காப்பீட்டு அட்டையில் இந்த மலையின் ஓடைப் பெயரைப் பையில் வைத்துக்கொண்டு திரிகிறோம். அதற்கு 85 சதவீத விதி கிடையாது.

2024 அக்டோபர் 7

நிலநடுக்கம் பற்றியும் கேட்டார்கள். சான் ஆண்ட்ரியாஸ் பிளவு இந்த மலை வழியாகவே போகிறது. ஸ்கைலைன் பக்கம் லாஸ் டிரான்கோஸ் காட்டில் ஒரு நடைபாதை இருக்கிறது, 1906 நிலநடுக்கத்தில் ஒரு வேலி எப்படி விலகிப்போனது என்று மறுபடி கட்டிக் காட்டியிருப்பார்கள். 1989 லோமா பிரியேட்டா நிலநடுக்கம், 6.9, அதன் மையமும் இந்த மலையில்தான். எல்லைக்கோடு அசையாது, மலை அசையும். மேற்குப் பாதி மெல்ல மெல்ல வடமேற்கே நகர்ந்துகொண்டிருக்கிறது. அந்த 24 டிகிரி சர்க்கரைத் தோட்டமும் போகிறது, லேபிளில் மாற்றம் இல்லை.

2024 அக்டோபர் 20

2020 பாட்டில் ஒன்று மலிவாகக் கிடைக்கிறது, வாங்கலாமா என்று கேட்டவருக்கு: லேபிள் இங்கே உதவாது. 2020 ஆகஸ்ட்டில் மின்னல் விழுந்து இந்த மலை எரிந்தது, 86,000 ஏக்கருக்கு மேல். செப்டம்பரில் ஒரு நாள் பகல் பதினோரு மணிக்கு வீட்டில் விளக்குப் போட்டு உட்கார்ந்திருந்தோம், வானம் தந்தூரி நிறத்தில். அது சரியாகக் காய் பழுக்கும் காலம். புகை திராட்சைத் தோலில் ஏறும். சிவப்பு ஒயினைத் தோலோடுதான் புளிக்க வைப்பார்கள், அதனால் சாம்பல் கிண்ண வாடை அதில்தான் அதிகம் வரும். அந்த வருஷம் சிலர் சிவப்பே போடவில்லை. 'சான்டா க்ரூஸ் மவுண்டன்ஸ் 2020' என்பது நூறு சதவீதம் உண்மையாக இருந்தும் வாயில் வைக்க முடியாததாக இருக்கலாம். நன்றாகவும் இருக்கலாம். ருசி பார்க்கக் கொடுத்தால் வாங்குங்கள்.

2024 நவம்பர் 2

முதலில் கேட்டவர் லேபிளைப் பார்த்துச் சொல்லிவிட்டார்: 'எஸ்டேட்' இருக்கிறது. நல்லது. அப்படியென்றால் ஆகஸ்ட் 17இல் நான் தெரியாமல் சொன்ன 'முழுக்க', உங்கள் ஒரு பாட்டிலுக்கு மட்டும் சரியாகிவிட்டது. அல்வா வழக்கு தள்ளுபடி.

2025 ஜனவரி 19

அப்பா நவம்பர் கடைசியிலேயே ஊருக்குக் கிளம்பிவிட்டார், ஆறு மாதம் தாங்கவில்லை. நேற்று ஃபோனில், மழை உண்டா, பிள்ளைகள் சௌக்கியமா எல்லாம் முடிந்த பிறகு, "அந்த மலையில கவாத்து பண்ணிட்டாங்களா?" என்றார். தெரியாது என்றேன். "பார்த்துட்டுச் சொல்லு."

இன்று காலை போனேன். பாதி வரிசை முடிந்திருந்தது. வெட்டிய குச்சிகள் வரிசைக்கு நடுவில் கிடந்தன. ஒவ்வொரு முட்டிலும் விட்டிருந்த கண்ணை, அதாவது துளிர் விடும் மொட்டை, எண்ணினேன். அங்கிருந்தே கூப்பிட்டேன், அங்கே ராத்திரி ஒன்பது, ஒன்பதரை.

"எத்தனை கண்ணு விட்டிருக்காங்க?"

"ரெண்டு, அப்பா."

"ரெண்டுதானா? நாங்க நாலு, அஞ்சு விடுவோம்ல." கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "அதான் ரெண்டு டன்."